பிடிக்கிற கை

அவளுடைய நெஞ்சைப் பற்றி ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அம்மாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருந்தது, வேலை செய்கிற இடத்தில் மேனேஜருக்கும் இருந்தது. அந்த நெஞ்சைச் சுமந்துகொண்டு நகரத்தின் உயரமான கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்குகிறவளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுடைய கூரை அட்டையைப் பிடுங்கியிருக்க மாட்டார்கள். அவளும் பதினெட்டு நாள் உதிரி பாகக் கவுண்டரில் உட்கார்ந்து வாஷர் பொறுக்கிக்கொண்டிருக்க மாட்டாள்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். வயது இருபத்துநான்கு. கம்பெனியில் எல்லோரும் அவளைச் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்டின் மாடிக் கதவுகளை வெளியிலிருந்து திறக்க முக்கோண மூக்கு வைத்த ஒரு சாவி உண்டு. மற்றவர்கள் அதைப் பையில் போட்டுத் தொலைத்துவிட்டு, தேவைப்படும்போது தேடுவார்கள். இவள் சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவாள் என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, அந்த இருட்டுக் குழிக்குள் மேலும் கீழுமாகப் போய் வேலை பார்க்க ஓர் அட்டை வேண்டும். அதைத்தான் கூரை அட்டை என்பார்கள். அட்டை இல்லாதவர்கள் வெளியே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இரண்டு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, மூன்று தடவை பரீட்சை எழுதி அவள் அந்த அட்டையை வாங்கினாள். குழிக்குள் அவள் படித்த முதல் பாடம், இடது கை உனக்கு, வலது கை வேலைக்கு என்பது. வலது கை முடுக்கும், திருகும், எண்ணெய் விடும். இடது கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏணியைப் பிடிக்கும், கூரையின் குறுக்குச் சட்டத்தைப் பிடிக்கும், லிஃப்ட் ஓடாத கட்டடமென்றால் பதினெட்டுக் கிலோ கருவிப் பையைப் பிடித்துக்கொண்டு படியேறும். மூன்று வருடத்தில் அவளுடைய இடது உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது.

அண்ணன் அவளைவிட ஏழு வயது மூத்தவன். நகரத்துக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிற பம்பு நிலையத்தில், கண்ட்ரோல் ரூமில் வேலை. அறை முழுக்க முள்ளும் விளக்கும். எந்த முள்ளாவது சிவப்புக் கோட்டைத் தாண்டினால் முதலில் பம்பை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் ஏன் எதற்கு என்று கேட்க வேண்டும். பத்து வருடம் அப்படியே பழகியவன் வீட்டிலும் அப்படித்தான் இருந்தான். அப்பா இறந்த அன்றைக்கும் அவன் அந்த அறையில்தான் இருந்தான். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த மனிதர், ஐம்பத்தோரு வயது, குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு ஷூ கட்டியிருந்தது, ஒன்று கட்டவில்லை. ஆறு வருடமாகியும் அண்ணன் அதைச் சொல்லும்போது அந்தக் கட்டாத ஷூவில் வந்து நின்றுவிடுவான்.

இருபத்துநான்காவது பிறந்தநாளுக்கு அவன் அவளுக்கு ஒரு வாட்ச் வாங்கி வந்தான். மணி பார்க்கிற வாட்ச் இல்லை, நெஞ்சைப் பார்க்கிற வாட்ச். அவனே இடது மணிக்கட்டில் கட்டிவிட்டான். தன் போனிலும், அம்மாவின் போனிலும், அவள் போனிலும் ஏதேதோ அழுத்தி மூன்றையும் இணைத்தான்.

"நீ எங்க இருந்தாலும் உன் நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு எங்களுக்குத் தெரியும். ஏதாவது ஒண்ணுன்னா மூணு போன்லயும் மணி அடிக்கும்."

"எதுக்குண்ணா மூணு போன்?"

"உன் நல்லதுக்குத்தான்."

இந்த 'உன் நல்லதுக்குத்தான்' என்கிற வார்த்தையை அந்த ஒரு வருடத்தில் அவள் எத்தனை தடவை கேட்டாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காது புளித்துப்போகும் அளவுக்குக் கேட்டாள். அன்றைக்கு முதல் தடவை என்பதால் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் அது முதல் தடவையாகத் துடித்தது. ஏதோ ஒரு கட்டடம், வேலை நடுவில். மணிக்கட்டில் யாரோ கிள்ளுவதுபோல் இரண்டு அதிர்வு. பார்த்தால் சிவப்பில் ஓர் இதயம், கீழே 124 என்று ஓர் எண். வேறு ஒரு விளக்கமும் கிடையாது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் 131 ஆனது. அதற்குள் போன் அடித்தது. அம்மா.

"என்னம்மா ஆச்சு? சிவப்பு காட்டுதே."

"ஒண்ணும் இல்லம்மா. வேலை பாத்துட்டு இருக்கேன்."

"வேலையை விட்டுட்டு உக்காரு. தண்ணி குடி. நெஞ்சு வலிக்குதா? இடது கை வலிக்குதா?"

இடது கை வலித்தது. மூன்று வருடமாக வலிக்கிற கைதான், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மா கேட்ட பிறகு அது வேறு வலியாகத் தெரிந்தது.

மருத்துவரிடம் போனார்கள். குடும்பமே போனது. மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்துப் பார்த்தார், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி ஒரு நாள் பூராவும் அனுப்பிவைத்தும் பார்த்தார். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: "நெஞ்சு நல்லா இருக்கு. இந்த வயசுல எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கு. எனக்குப் பிடிக்காதது அந்த வாட்ச்தான். கழட்டி வெச்சிடும்மா."

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னான்: "டாக்டர் ஒரு நாள் பாத்தார். வாட்ச் தினமும் பாக்குது. யார் சொல்றதை நம்பறது?"

கழற்றி வீசியிருக்கலாம். அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஏன் கழற்றவில்லை என்று. கேட்கிறவர்கள் ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். இரண்டு தடவை கழற்றினாள். முதல் தடவை அரை மணி நேரத்தில், "ஒண்ணுமே காட்டலையே, ஒண்ணுமே காட்டலையே" என்று அம்மா பதறியடித்துக்கொண்டு போன் செய்தாள். இரண்டாவது தடவை அம்மாவுக்கு முன்னால் அவளே மறுபடி கட்டிக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்தால் பயம், பார்க்காவிட்டால் அதைவிடப் பயம். பஸ்ஸில் பார்ப்பாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் கையைத் திருப்பி வைத்துப் பார்ப்பாள். 78 இருக்கும். ஏன் 78 என்று நினைப்பாள், 90 ஆகிவிடும். 90 ஆகிவிட்டதே என்று நினைப்பாள், 104. அப்புறம் உள்ளங்கை வியர்க்கும், மூச்சு பாதியில் நிற்கும், சாப்பாடு இறங்காது. இப்படித் தன் நெஞ்சையே திருடனைப்போல் கண்காணித்துக்கொண்டு திரிகிற நிலைமைக்கு ஒரு கெட்டிக்காரப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள், பிறந்தநாள் பரிசு என்று சொல்லி.

அவளோடு ஜோடியாக வேலை பார்க்கிறவனுக்குக் குச்சி என்று பெயர். ஆள் நெட்டையாக, காற்றடித்தால் விழுந்துவிடுவான்போல் இருப்பான். இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவன்தான் ஒரு நாள் சொன்னான்: "சாவி, நீ இப்பல்லாம் லிஃப்டைப் பாக்கறதைவிட கையைத்தான் ஜாஸ்தி பாக்கறே."

"வேலையைப் பாருடா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

பதினோராவது மாதம் அது நடந்தது. எட்டு மாடி அலுவலகக் கட்டடம். அவள் கூரைமேல் நின்று, பெட்டி உரசாமல் ஓடுவதற்கான ரப்பர் உருளைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். குச்சி மேலே மோட்டார் அறையில் இருந்தான். ஆறாவது மாடியில் நிறுத்தி வேலையை முடித்தாள். இப்போது வெளியே வர வேண்டும். வெளியே வருவதற்கு ஒரு வரிசை உண்டு, அது எந்தக் காரணத்துக்காகவும் மாறக் கூடாது. முதலில் சிவப்பு ஸ்டாப் பட்டனை அமுக்க வேண்டும். அடுத்து, உள்ளிருந்தே மாடிக் கதவைத் திறந்து தரையில் கால் வைக்க வேண்டும். கடைசியாக, வெளியே நின்றபடி கையை நீட்டி, லிஃப்டை மறுபடி ஜனங்கள் ஓட்டத்துக்கு விடுகிற திருகைத் திருப்ப வேண்டும். ஸ்டாப், கதவு, திருகு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்வாள்.

வாட்ச் துடித்தது. பார்த்தாள். சிவப்பு, 127. இந்தக் குழிக்குள் விழுந்தால் யார் தூக்குவார்கள் என்ற ஒரே நினைப்புதான். வெளியே போனால் போதும் என்று இருந்தது. கை நேராகத் திருகுக்குப் போனது. ஸ்டாப்பை அமுக்கவில்லை. கதவைத் திறக்கவில்லை. திருகைத் திருப்பிவிட்டாள்.

எட்டாவது மாடியில் யாரோ ஒரு புண்ணியவான் அரை மணி நேரமாகப் பட்டனை அமுக்கிக்கொண்டு நின்றிருந்தார். பெட்டி கிளம்பியது. அவள் காலுக்குக் கீழே கூரை நகர்ந்தது, சுவரில் ஏழு என்று எழுதியிருந்தது கண்ணுக்கு முன்னால் கீழே போனது. இடது கை சட்டத்தை விடவில்லை. அந்தப் பழக்கம்தான் அவளைக் காப்பாற்றியது. வலது கை முஷ்டியை ஸ்டாப் பட்டன்மேல் குத்தினாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் பெட்டி நின்றது. தலைக்கு மேலே இன்னும் நிறைய இடம் இருந்தது, அடிபடவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது.

"என்னடி ஆச்சு, நூத்தி அறுபத்தொண்ணு காட்டுது" என்று அம்மா அழுதாள்.

குச்சி ஓடி வந்து எட்டாவது மாடிக் கதவைத் திறந்து அவளைக் கை கொடுத்து ஏற்றினான். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். வேலைத் தாளை எடுத்து அவள் எழுத ஆரம்பித்ததும் அவன் கையைப் பிடித்தான்.

"எழுதாத சாவி. யாருக்குத் தெரியப்போகுது?"

"நாளைக்கு நீயும் இதே மாதிரி பண்ணுவே. எழுதினாத்தான் நாலு பேருக்கு உறைக்கும்."

ஸ்டாப் அமுக்காமல் திருகைத் திருப்பினேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கம்பெனியில் இதற்கு ஒரு முறை இருந்தது. அடிபடாத தவறை நேர்மையாக எழுதிக் கொடுத்தால் ஒரு நாள் மறுபயிற்சி, அட்டை கையிலேயே இருக்கும். அத்தோடு போயிருக்க வேண்டிய விஷயம் அது.

அண்ணன் விடவில்லை. முள் சிவப்பைத் தாண்டிவிட்டது அல்லவா, பம்பை நிறுத்தியாக வேண்டும். மறுநாள் காலையில் அவளிடம் மூச்சுக்கூட விடாமல் கம்பெனிக்குப் போன் போட்டான். வாட்ச் சேர்த்து வைத்திருந்த பதினோரு மாதத்து அறிக்கையை மேனேஜருக்கு அனுப்பினான். என் தங்கைக்கு நெஞ்சு சரியில்லை, அப்பாவும் நெஞ்சால்தான் போனார், அவளைக் குழிக்குள் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

அவள் போனபோது அந்த அறிக்கை மேனேஜரின் மேசைமேல் இருந்தது. நாற்பத்து மூன்று வரிகள், எல்லாம் சிவப்பு. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இங்க பாரும்மா, எனக்கு உன் வேலை மேல ஒரு குறையும் இல்ல. அட்டையைக் குடுத்துட்டு கொஞ்ச நாள் கவுண்டர்ல உக்காரு. உன் நல்லதுக்குத்தான்."

"சார், டாக்டர் சர்ட்டிஃபிகேட் இருக்கு. நெஞ்சு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கார்."

"அது பத்து மாசத்துக்கு முன்னாடி. இது நேத்து."

"என் நெஞ்சு சார் அது. என்னைக் கேக்காம எங்க அண்ணன் அனுப்பினதை நீங்க எப்படி வாங்கி வெச்சுக்கலாம்?"

"அண்ணன்தானேம்மா, அக்கறையில அனுப்பியிருக்கார்."

அவளுக்கு மேசையைப் புரட்டிப்போட வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அட்டையை எடுத்து வைத்தாள். அறிக்கையின் நகல் ஒன்று கேட்டாள். தன் நெஞ்சின் கணக்கைத் தானே கைநீட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அன்றைக்கு நடந்ததைச் சண்டை என்று சொல்வது குறைவு. அவள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். அண்ணன் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மூணு தடவை பரீட்சை எழுதி வாங்கின அட்டைண்ணா. ஒரு போன்ல பிடுங்கிட்ட."

"உயிரோட இருந்தா அட்டை எப்ப வேணா வாங்கலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொன்னார்."

"அப்பாவுக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் எல்லாரும் நெனச்சோம்."

அப்பாவை இழுத்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் மேலே பேச முடியாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை, அண்ணனோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

கவுண்டர் வேலை என்றால் ஒரு மர ஸ்டூல், ஒரு கம்பி வலை, பின்னால் அலமாரி அலமாரியாக உருளை, பெல்ட், வாஷர். காலையில் மெக்கானிக்குகள் வந்து கேட்பதை எடுத்துக் கொடுத்துவிட்டால் மாலை வரைக்கும் ஈ ஓட்டலாம். கழுத்தில் சாவி மட்டும் தொங்கியது, திறக்க ஒரு கதவு இல்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் "உடம்பு எப்படி இருக்கு?" என்று இழவு வீட்டுக் குரலில் விசாரித்தான். அவளுக்கு உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தது. அண்ணனை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். மேனேஜரைத் திட்டினாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, பத்து நாள் அப்படியே கொதித்தாள்.

பத்தாவது நாள்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை கோபத்திலும் வாட்ச் ஒரு தடவைகூடத் துடிக்கவில்லை.

பையிலிருந்து அறிக்கையை எடுத்து விரித்தாள். இத்தனை நாளும் எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தாள். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், துடிப்பு இருந்தன, கடைசிக் கட்டத்தில் 'நிலை' என்று ஒன்று இருந்தது. முதல் வரி: துடிப்பு 124, நிலை: ஓய்வு. இரண்டாவது வரி: ஓய்வு. மூன்றாவது: ஓய்வு. நாற்பத்து மூன்று வரியிலும் ஓய்வு.

வேலைத் தாள்கள் எல்லாம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் உள்ள அலமாரியில்தான் கோப்புக் கட்டி வைத்திருந்தார்கள். எந்தக் கட்டடம், எத்தனை மணிக்கு ஆரம்பம், என்ன வேலை என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. முதல் வரியின் தேதியைத் தேடி எடுத்தாள். ஏழு மாடிக் கட்டடம், லிஃப்ட் நின்றுபோயிருந்தது, பையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் அறைக்கும் கீழ்த்தளத்துக்குமாக மூன்று தடவை படியேறியிருக்கிறாள். அந்த நேரத்தில்தான் வாட்ச் அவளை ஓய்வு என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது தேதி: கூரைமேல் நின்று நாற்பது நிமிடம் போல்ட் முடுக்கியது. அதுவும் ஓய்வு.

அவள் எழுந்து நின்று இடது கையைப் பார்த்தாள். பிடிக்கிற கை. ஏணியிலும் பையிலும் சட்டத்திலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கிற கை. உடம்பு பூராவும் மாடாய் உழைக்கும்போது அது மட்டும் சும்மா இருக்கும். கை அசையாவிட்டால் வாட்சுக்கு அது ஓய்வு. அந்தக் கையில் உட்கார்ந்துகொண்டு, இவள் சோபாவில் சாய்ந்திருக்கிறாள், அப்படியும் நெஞ்சு 124 அடிக்கிறது, ஐயோ போச்சு என்று அந்தச் சனியன் வீட்டிலுள்ள மூன்று போனுக்கும் தந்தி அடித்திருக்கிறது.

"ஓய்வா? நானா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். வலைக்கு அந்தப் பக்கம் பெல்ட் வாங்க வந்திருந்த குச்சி பயந்துபோனான்.

இருவருமாக உட்கார்ந்து மாலைக்குள் நாற்பத்து மூன்றையும் சரிபார்த்தார்கள். நாற்பத்தொன்று படியிலோ கூரையிலோ ஏணியிலோ நடந்தவை. மீதி இரண்டு விடுமுறை நாளில் வந்தவை. ஒன்று, பஸ்ஸைத் துரத்தி ஓடி ஏறி, கூட்டத்தில் இடது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. இன்னொன்று, பக்கத்து வீட்டுக் குண்டுக் குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறி இறங்கி விளையாட்டுக் காட்டியபோது.

இரண்டு கட்டுக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார்.

"நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா நான் டாக்டரும் இல்ல, வாட்ச் ரிப்பேர்காரனும் இல்ல. ரிப்போர்ட் குடுத்தவர் வந்து வாபஸ் வாங்கினா மறுநாளே அட்டையைத் தரேன்."

"குடுத்தவர்னா எங்க அண்ணனா? நான் சொன்னா ஆகாதா?"

"நாளைக்கு ஒண்ணுன்னா அவர்தானேம்மா வந்து என் சட்டையைப் பிடிப்பார்."

ஆக, அவளுடைய நெஞ்சுக்கு அண்ணன் சாட்சி சொல்ல வேண்டும். அவள் மறுபேச்சுப் பேசாமல் வீட்டுக்கு வந்தாள். வாயைத் திறந்தால் வேலையே போய்விடும் என்று பயமாக இருந்தது.

அண்ணன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் தற்செயலா இருக்கும்" என்றான். அவ்வளவுதான். அவள் வாட்சைக் கழற்றினாள். அவனுடைய இடது கையைப் பிடித்து இழுத்து அதில் கட்டினாள். வாசலில் இருந்த கருவிப் பையை அவன் காலடியில் தொப்பென்று போட்டாள்.

"தூக்கு. இடது கையால தூக்கு."

"என்ன இது சின்னப்புள்ளைத்தனமா?"

"பதினோரு மாசம் நீ என்னைப் பாத்த இல்ல, பதினஞ்சு நிமிஷம் நான் உன்னைப் பாக்கறேன். தூக்குண்ணா."

அவர்கள் இருந்தது ஆறு மாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடி. அவள் அவனைக் கீழே கூட்டிக்கொண்டு போய் அங்கிருந்து ஆறாவது மாடி வரை ஏறவிட்டாள். இறங்கவிட்டாள். மறுபடி ஏறவிட்டாள். கையை மாற்றப் போனபோதெல்லாம், "மாத்தாதே, குழிக்குள்ள மாத்த முடியாது" என்று பின்னாலிருந்தே அதட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து முள் பார்க்கிற மனிதன், மூன்றாவது சுற்றில் சட்டை நனைந்து வாயால் மூச்சு வாங்கினான். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் வாட்ச் துடித்தது.

அவன் பார்த்தான். சிவப்பு இதயம், 138.

பையை அப்படியே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து அமுக்கினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நிஜமாவே ஏதோ பண்ணுது. நெஞ்சு படபடங்குது. இது வேற மாதிரி இருக்கு."

"146 ஆகியிருக்கும் பாரு."

பார்த்தான். 149.

"உக்காந்துட்டேனே. உக்காந்த பிறகு ஏன் ஏறுது?"

"பயந்தா ஏறும். பாத்தா பயம் வரும். எனக்கு யாரும் சொல்லல, நானே கண்டுபிடிச்சேன்."

அவள் போன் அடித்தது. வாட்ச் இன்னும் அவள் பேரில்தானே இருந்தது. அவள் எடுக்காமல் அண்ணனிடம் நீட்டினாள். அவன் காதில் வைத்தான். அம்மாவின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. என்னம்மா ஆச்சு, சிவப்பு காட்டுதே, எங்க இருக்கே, உக்காரு, இடது கை வலிக்குதா, சொல்லும்மா, இடது கை வலிக்குதா.

அவன் தன் இடது கையைப் பார்த்தான். பையின் பிடி அழுத்தி உள்ளங்கை சிவந்திருந்தது.

"வலிக்குதும்மா" என்றான். அப்புறம் அவன் குரல் உடைந்தது. படியில் உட்கார்ந்து, முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு, அப்பா போனபோது அழாதவன் அழுதான். அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு மாடி ஏறி ஓடி வந்தாள்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், முதுகில் கையை வைத்தாள், கோபத்தோடுதான் வைத்தாள்.

மறுநாள் அண்ணன் கம்பெனிக்கு வந்து எழுதிக் கொடுத்தான். மேனேஜர் அவனுக்கு நாற்காலி போட்டு உபசரித்தார், அவள் நின்றுகொண்டிருந்தாள். 'உன் நல்லதுக்குத்தான்' என்று மறுபடி சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். மறுபயிற்சியும் மருத்துவரின் புதிய சான்றிதழும் முடிந்து அட்டை கைக்கு வந்தது. போனிலிருந்த இணைப்புகளை அண்ணனே ஒவ்வொன்றாக நீக்கினான். வாட்சைச் சார்ஜ் போடாமல் அலமாரியில் வைத்தார்கள், நான்கு நாளில் அது அணைந்தது.

திங்கட்கிழமை அதே எட்டு மாடிக் கட்டடம். ஸ்டாப்பை அமுக்கிவிட்டுக் கூரைமேல் ஏறினாள். இடது கை சட்டத்தைப் பிடித்தது. மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. மேலேயிருந்து குச்சி கேட்டான்: "ரெடியா சாவி?"

ரெடி என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. வலது கை, வேலை செய்கிற கை, அவளைக் கேட்காமலே கழுத்துக்குப் போயிருந்தது. இரண்டு விரல் நாடியைத் தேடி அமுக்கி எண்ணிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் காலடியில் கிடந்தது. வாட்ச் இல்லை, எண் இல்லை, யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சாவி?"

"இரு" என்றாள். முப்பது வரை எண்ணி முடித்த பிறகுதான் அந்தக் கையை இறக்க முடிந்தது. வேலையை முடித்தாள். ஸ்டாப், கதவு, திருகு, வரிசை மாறவில்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆறு தடவை கை கழுத்துக்குப் போனது.

வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "முதல் நாள் எப்படிப் போச்சு? எல்லாம் பழையபடி ஆயிடுச்சுல்ல?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆகலண்ணா. அட்டை வந்துடுச்சு, வேலை வந்துடுச்சு. உனக்கு ஒண்ணு தெரியுமா, நீ அந்த வாட்சைக் கட்டறதுக்கு முன்னாடி எனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. இருபத்துநாலு வருஷம் அது பாட்டுக்கு அடிச்சுது, நான் பாட்டுக்கு இருந்தேன். அந்தத் தெரியாம இருந்ததை யார்கிட்ட எழுதிக் குடுத்து வாபஸ் வாங்கறது? சொல்லு. எந்த மேனேஜர் தருவான்?"

அம்மா கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, தனக்கே தெரியாமல், இடது கையைத் தூக்கி இரண்டு விரலைத் தன் கழுத்தில் வைத்தான்.

அவள் பார்த்தாள். மேசைக்குக் குறுக்கே எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்து, வலிக்கும்படி இழுத்துக் கீழே வைத்தாள்.

"கையை எடுண்ணா" என்றாள். அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை வெச்சா உடைச்சுடுவேன். சாப்பிடு."